13 ஆட்டமும் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை 2023-ல் ஏன் சேர்க்கவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் டீம் 2023-ல் 13 ஆட்டம் ஆடி 13-ம் ஜெயித்தது, தன் கான்ஃபரன்ஸ் (பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு) கோப்பையையும் வாங்கியது. அப்படியும் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்க நாலு டீம் ஆடும் பிளேஆஃபில் அவர்களை விட்டுவிட்டு, ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவைச் சேர்த்துக்கொண்டார்கள். இது மோசடியா, இல்லை பிற்பாடு ஆரஞ்சு பௌல் என்ற சீசன் கடைசி ஆட்டத்தில் 63-3 என்று உதை வாங்கியதைப் பார்த்தால் டீம்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி செய்தது சரிதானா என்பது உங்கள் சந்தேகம். கூடவே, அந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: இந்த விளையாட்டில் ஜெயித்தால் மட்டும் போதாதா? அந்த வருடம் இருந்த முறையில் போதாது. விதியிலேயே அதற்கு இடம் வைத்திருந்தார்கள், அதனால் மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எடுத்த முடிவு தப்பு, அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

நான் 2009-ல் மேல்படிப்புக்காக டல்லஹாஸி வந்தவன், படிப்பு முடிந்து வேலையும் இங்கேயே அமைந்துவிட்டது. டோக் கேம்பல் ஸ்டேடியத்தில் நடக்கும் ஆட்டங்களை வருடா வருடம் போய்ப் பார்க்கிறேன். அது போக ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமை இரவுகளில் உள்ளூர் பள்ளி ஆட்டங்களில் சங்கிலி பிடிக்கிறேன். இந்த ஆட்டத்தில் நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து யார்டு நகர்த்த வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அந்தப் பத்து யார்டை அளக்க இரண்டு கம்பும் நடுவில் ஒரு சங்கிலியும் வைத்து ஓரத்தில் மூன்று நான்கு பேர் நிற்போமே, அந்த வேலை. ஆக, ஆட்டம் ஓரளவு தெரியும், இந்த டீமை நெருக்கமாகத் தெரியும். எனக்கு இந்த டீம் மேல் பாசம் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கிரிக்கெட் லீக் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் குழப்புவது புள்ளிப் பட்டியல் இல்லாததுதான். 2023-ல் கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் 133 டீம்கள். ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் ஆடுவது 12 ஆட்டம், அதிலும் பெரும்பகுதி தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே முடிந்துவிடும். ஃப்ளோரிடா ஸ்டேட் இருக்கும் ஏசிசி என்ற கான்ஃபரன்ஸும் அலபாமா இருக்கும் எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸும் ஒரே பட்டியலில் வரவே வராது. அப்படியானால் யார் பெரியவர் என்று எதை வைத்துச் சொல்வது? ரொம்ப காலம் பத்திரிகையாளர்களும் கோச்சுகளும் ஓட்டுப் போட்டுச் சொன்னார்கள். 1998 முதல் 2013 வரை அந்த ஓட்டுகளோடு கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து இரண்டு டீமை மட்டும் இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். 2004-ல் எல்லா ஆட்டமும் ஜெயித்த ஆபர்னுக்கு அந்த இரண்டில் இடம் கிடைக்கவில்லை, யுஎஸ்சியும் ஓக்லஹோமாவும் அதேபோல் தோற்காமல் வந்திருந்தன. 2014-ல் நாலு டீம் பிளேஆஃப் வந்தது. 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி சீசனின் பிற்பகுதியில் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை தரவரிசை வெளியிடும், டிசம்பரில் ஒரு ஞாயிறு கடைசிப் பட்டியலைச் சொல்லும், முதல் நாலு டீம் உள்ளே. அந்த நாலு பேருக்கான முறை பத்து வருடம் ஓடியது, 2023 அதன் கடைசி வருடம். அந்தப் பத்து வருடத்தில் ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றைத் தோற்காமல் ஜெயித்த எந்த டீமும் வெளியே நின்றதில்லை. முதலும் கடைசியுமாக நின்றது ஃப்ளோரிடா ஸ்டேட்.

இந்த டீம் எங்கிருந்து எழுந்து வந்தது என்று தெரிந்தால்தான் ஊரின் கோபம் புரியும். 2013-ல் தேசிய சாம்பியன், அப்புறம் மெல்ல மெல்ல சரிவு. மைக் நார்வெல் கோச்சாக வந்த முதல் சீசன், 2020-ல், 3 வெற்றி 6 தோல்வி. 2021 செப்டம்பரில் ஒரு படி கீழே ஆடும் ஜாக்சன்வில் ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில், ஆட்டத்தின் கடைசிப் பந்தில் 59 யார்டு டச் டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) கொடுத்து 20-17 என்று தோற்றார்கள். நான் அன்று அங்கே இருந்தேன். கூட்டம் திட்டக்கூட இல்லை, சத்தமே இல்லாமல் படி இறங்கிப் போனது. அந்த வருடம் 5 வெற்றி 7 தோல்வி, அடுத்த வருடம் 10-3. 2023-ல் ஆர்லாண்டோவில் எல்எஸ்யூவுக்கு (லூயிசியானா ஸ்டேட்) எதிராக முதல் ஆட்டம், 45-24. எதிரே குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக, ஆடிய ஜேடன் டேனியல்ஸ்தான் அந்த வருடம் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் பக்கம் கியான் கோல்மன் மட்டும் மூன்று டச் டவுன் பிடித்தார். மூன்று வாரம் கழித்து க்ளெம்சனின் மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில் 31-24. அதற்கு முன் க்ளெம்சனிடம் வரிசையாக ஏழு முறை தோற்றிருந்தோம். எல்லா ஆட்டமும் இப்படி மின்னவில்லை, பாஸ்டன் காலேஜிடம் 31-29 என்று தப்பித்து வந்ததும் உண்டு. ஆனாலும் நவம்பர் நடுவில் 10-0.

நவம்பர் 18, நார்த் அலபாமாவுக்கு எதிரான ஆட்டம். அந்த வருடத்தின் கடைசி சொந்த மைதான ஆட்டம் என்பதால் வழக்கம்போல் கடைசி வருட மாணவர்களை அழைத்துக் கௌரவித்தார்கள். ரெனிகேட் என்ற குதிரையில் செமினோல் பழங்குடித் தலைவர் ஆசியோலா வேடத்தில் ஒருவர் வந்து எரியும் ஈட்டியை நடு மைதானத்தில் குத்தினார், எல்லாம் எப்போதும்போல். முதல் கால் பகுதியிலேயே குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் பந்தோடு தானே ஓடினார், பின்னாலிருந்து பிடித்துச் சாய்த்ததில் இடது கால் உடலுக்கு அடியில் மாட்டித் திரும்பிக்கொண்டது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கால் தெரியவில்லை. அருகில் ஓடிப்போன சக வீரர்கள் பார்த்த மறுநொடி முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது. காலைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், டீம் மொத்தமும் வண்டியைச் சுற்றி வந்து நின்றது. அப்போது நார்த் அலபாமாதான் முன்னிலையில் இருந்தது. முடிவு 58-13, நமக்கு. ஆனால் வீடு திரும்பும்போது யாரும் ஸ்கோரைப் பேசவில்லை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வருகிறது, எறிவதா, யாரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடியில் அவர்தான் தீர்மானிக்க வேண்டும். மைதானத்தில் இவ்வளவு பாரம் வேறு யார் மேலும் இல்லை. டிராவிஸ் அந்த வருடம் ஏசிசியின் சிறந்த வீரர். எனவே அவர் போனது சாதாரண இழப்பு இல்லை, இதைக் கமிட்டி பெரிதாக எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் கிடையாது. அடுத்த வாரம் கெய்ன்ஸ்வில்லில் ஃப்ளோரிடாவுக்கு எதிராக டேட் ரோட்மேக்கர் ஆடினார், 12-0 என்று பின்தங்கி, ட்ரே பென்சன் ஓடிப் போட்ட மூன்று டச் டவுனால் 24-15. அந்த ஆட்டத்தில் ரோட்மேக்கருக்குத் தலையில் அடி. ஆக டிசம்பர் 2, ஷார்லட்டில் லூயிவில்லுக்கு எதிரான ஏசிசி இறுதி ஆட்டத்தில் இறங்கியது மூன்றாவது ஆள், முதலாம் ஆண்டு மாணவர் பிராக் க்ளென். 16-6. ஜெயித்தாயிற்று.

அதே நாளில் அட்லாண்டாவில் எஸ்இசி இறுதி ஆட்டத்தில் அலபாமா, 29 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்தியது. கமிட்டிக்குச் சிக்கல் தொடங்கியது இங்கேதான். மிச்சிகனும் வாஷிங்டனும் தோற்காத சாம்பியன்கள், அவர்களைத் தொட முடியாது. டெக்ஸஸ் 12-1, பிக் 12 சாம்பியன், செப்டம்பரில் அலபாமாவை அலபாமாவின் ஊரிலேயே 34-24 என்று தோற்கடித்திருந்தது. அலபாமாவும் 12-1. அலபாமாவைச் சேர்த்தால் அதைத் தோற்கடித்த டெக்ஸஸை எந்த முகத்தோடு வெளியே விடுவது? எனவே அலபாமா உள்ளே வருவதென்றால் டெக்ஸஸும் வர வேண்டும், இரண்டும் வந்தால் ஃப்ளோரிடா ஸ்டேட் போக வேண்டும். எஸ்இசி சாம்பியனை விட்ட வருடம் அதுவரை ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பட்டியலில் ஃப்ளோரிடா ஸ்டேட் 4, டெக்ஸஸ் 7, அலபாமா 8. ஞாயிறு மதியம் டெக்ஸஸ் 3, அலபாமா 4, ஃப்ளோரிடா ஸ்டேட் 5. ஜார்ஜியா ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அதே அலபாமா ஆபர்னிடம் நாலு புள்ளி பின்தங்கி, கடைசி முயற்சி, கோல் கோட்டுக்கு 31 யார்டு தூரம், ஆட்டம் முடிய அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்ற நிலையில் ஒரு பந்தை எறிந்துதான் பிழைத்தது. அந்தப் பந்து கீழே விழுந்திருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

அப்போதைய கமிட்டித் தலைவர் பூ காரிகன் சொன்ன காரணம் ஒளிவுமறைவு இல்லாதது: முதல் 11 வாரத்தில் இருந்த டீமும் டிராவிஸ் இல்லாத இந்த டீமும் ஒன்றல்ல. இதற்கு விதியில் ஆதாரம் உண்டு. யார் யாரோடு ஆடினார்கள், கான்ஃபரன்ஸ் ஜெயித்தார்களா, நேருக்கு நேர் என்ன நடந்தது என்பவற்றோடு, முக்கிய வீரரோ கோச்சோ இல்லாமல் போவது இனிமேலான ஆட்டத்தைப் பாதிக்குமா என்பதையும் பார்க்கலாம் என்று கமிட்டியின் நெறிமுறையில் எழுதியே இருக்கிறது. அதனால்தான் விதியை மீறவில்லை என்கிறேன். என் ஆட்சேபம் வேறு. 2014-ல், இந்த முறையின் முதல் வருடத்தில், ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. சீசனுக்கு முன்பே முதல் குவார்ட்டர்பேக் காயம், மிச்சிகன் ஆட்டத்தில் இரண்டாமவர் காயம். மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் இறங்கி விஸ்கான்சினை 59-0 என்று அடித்தார். ஏற்கெனவே ஒரு ஆட்டம் தோற்றிருந்தும் நாலாவதாக உள்ளே வந்து, அலபாமாவையும் ஆரிகனையும் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். 59-0 எங்கே, 16-6 எங்கே என்று கேட்பீர்கள், நியாயம்தான், க்ளென் அன்று எறிவதில் தடுமாறினார். ஆனால் இரண்டாவது, மூன்றாவது ஆளை வைத்து ஒரு டீம் என்ன செய்யும் என்பதை ஆட விட்டுத்தான் பார்க்க முடியும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து சொல்ல முடியாது என்று அந்த வருடமே காட்டியிருந்தது. சங்கிலி பிடிக்கும் நாங்கள் நடுவர் கூப்பிட்டதும் உள்ளே ஓடி, கம்பை ஊன்றி, சங்கிலியை விறைப்பாக இழுத்துப் பிடிப்போம். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டியதா இல்லையா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். அடுத்த நாலு முயற்சியில் இவர்களால் முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் விஷயத்தில் கேட்டது அதைத்தான்.

மோசடி என்பவர்கள் சொல்வது தொலைக்காட்சிக் கணக்கு. பிளேஆஃபை ஒளிபரப்பும் இஎஸ்பிஎன்தான் 2024-லிருந்து எஸ்இசி ஆட்டங்களின் மொத்த உரிமையையும் வைத்திருக்கிறது, அதனால் அலபாமாவை உள்ளே தள்ளினார்கள் என்று. அந்த ஒப்பந்தம் உண்மை. ஆனால் ஏசிசியின் ஒளிபரப்பு உரிமையும் அதே இஎஸ்பிஎன்னிடம்தான் இருக்கிறது, அப்போது கமிட்டித் தலைவராக இருந்த காரிகன் வேலை பார்த்ததும் ஏசிசியைச் சேர்ந்த நார்த் கரோலினா ஸ்டேட்டில். கமிட்டி பேசுவது மூடிய அறையில், யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று வெளியிடுவதில்லை. அந்த ரகசியம் சந்தேகத்தை வளர்க்கிறது என்பது வரை நானும் வருவேன். அதைத் தாண்டி ஆதாரம் என்று எவரும் காட்டி நான் பார்க்கவில்லை. அலபாமா, எஸ்இசி என்ற பெயர்களின் கனம் அந்த 13 பேரின் மனதில் தானாகவே வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

63-3-க்கு வருகிறேன், உங்களை அதிகம் குழப்பியிருப்பது அதுதான். டிசம்பர் 30, மயாமி பக்கம் ஆரஞ்சு பௌல், எதிரே ஜார்ஜியா. பாதி ஆட்டத்திலேயே 42-3. பௌல் ஆட்டங்களின் வரலாற்றில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் தோற்றதில்லை. ஆனால் அன்று மைதானத்தில் இருந்தது 13 ஆட்டம் ஜெயித்த டீம் இல்லை. கோப்பை வாய்ப்பு போனபின் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆடவில்லை: சிலருக்குக் காயம், சிலர் வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுத்துவிட்டார்கள், சிலர் தொழில்முறை ஆட்டத்துக்கான தேர்வு நெருங்குவதால் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள விலகினார்கள். கோல்மன், பென்சன், ஜாரெட் வெர்ஸ், பிரேடன் ஃபிஸ்க் ஒருவரும் இல்லை. வெர்ஸை நாலு மாதம் கழித்து லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் முதல் சுற்றிலேயே எடுத்தது. பல கோடி டாலர் எதிர்காலம் கண்ணெதிரே இருக்கும்போது கோப்பை இல்லாத ஆட்டத்தில் முட்டியைப் பணயம் வைக்காத பையனை நான் குறை சொல்லமாட்டேன். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த ஜார்ஜியா கோச் கிர்பி ஸ்மார்ட்டே, இன்று நடந்ததை எல்லோரும் பார்க்க வேண்டும், இதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னார். எனவே அந்த ஸ்கோரை வைத்துக் கமிட்டி செய்தது சரி என்று சொல்வது, பரீட்சைக்கே விடாத மாணவனைப் பார்த்து நீ எப்படியும் ஃபெயிலாகியிருப்பாய் என்பது மாதிரி. அதே அளவுக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: முழு டீமோடு நாலாவதாக உள்ளே போயிருந்தால் முதலிடத்து மிச்சிகனை வென்றிருப்பார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். க்ளெனோ, குணமாகி வந்த ரோட்மேக்கரோ அந்த மிச்சிகன் டிஃபென்ஸுக்கு எதிராகத் திணறியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. அலபாமா அதே மிச்சிகனிடம் பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பௌலில் கூடுதல் நேரம் வரை போய் 27-20 என்று தோற்றது, மிச்சிகன் பிறகு வாஷிங்டனை 34-13 என்று வென்று சாம்பியன் ஆனது. அலபாமா தகுதியில்லாத டீம் என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு.

அறிவிப்பு வந்தபோது டீம் மொத்தமும் ஒரே அறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது, வீரர்கள் எழுந்து போனதை நாடே பார்த்தது. என் கால் சீசனில் இன்னும் முன்னாலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த டீம் வெறும் குவார்ட்டர்பேக் மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்ற பொருளில் டிராவிஸ் எழுதினார். அதைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வருடம் நியூயார்க் ஜெட்ஸ் அவரை எடுத்தது, ஆனால் அந்தக் கால் சரியாகவே இல்லை, 2025-ல் ஓய்வை அறிவித்துவிட்டார். பல்கலைக்கழகம் 2023 டிசம்பர் 22 அன்றே கான்ஃபரன்ஸை விட்டு விலக வழி தேடி ஏசிசி மேல் வழக்குப் போட்டது, 2025 மார்ச்சில் சமரசம். டீமோ 2024-ல் 2-10 என்று விழுந்தது.

ஒரு திருத்தம்: இந்தக் கூச்சலால்தான் பிளேஆஃபை 12 டீமாக்கினார்கள் என்று நிறைய பேர் சொல்கிறார்கள், நீங்களும் அப்படி எழுதியிருந்தீர்கள். இல்லை. அது 2022-லேயே முடிவாகி, 2024-ல் தொடங்கத் தேதி குறித்தாயிற்று. அந்த முறை ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் ஃப்ளோரிடா ஸ்டேட் ஐந்தாவது இடத்தில் உள்ளே போயிருக்கும், முதல் சுற்று டிசம்பரில் டோக் கேம்பலிலேயே நடந்திருக்கும். நான் நிச்சயம் டிக்கெட் வாங்கியிருப்பேன்.

கடைசியாக, எந்த ஆட்டம்? எல்லோரும் எல்எஸ்யூ ஆட்டத்தைச் சொல்வார்கள், அழகான ஆட்டம்தான். நான் லூயிவில் ஆட்டத்தைச் சொல்வேன், சுருக்கம் வேண்டாம், முழு ஆட்டம். ஃப்ளோரிடா ஸ்டேட் பந்து வைத்திருக்கும்போது பார்க்கச் சுகமாக இருக்காது. அதனால் லூயிவில் கையில் பந்து இருக்கும்போது டிஃபென்ஸின் முன்வரிசையை மட்டும் பாருங்கள், வெர்ஸ் எண் 5, ஃபிஸ்க் எண் 55. ஃபிஸ்க் அன்று எதிரணி குவார்ட்டர்பேக்கைத் திரும்பத் திரும்பச் சாய்த்தார். லூயிவில்லால் ஒரு டச் டவுன்கூடப் போட முடியவில்லை. நம் பக்கம் க்ளென் எறிந்து பயனில்லை என்றானதும் பந்தை நேராக லாரன்ஸ் டோஃபிலி கைக்கே அனுப்பி ஓடவிட்டார்கள், அந்த ஆட்டத்தின் ஒரே டச் டவுன் அவருடையது. அதற்கு முந்தைய நீண்ட ஓட்டத்தில் அவருக்கு வழி திறந்துவிட எத்தனை பேர் எதிராளியைத் தடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று, முடிந்தால் இரண்டாவது தடவை நிறுத்திப் பாருங்கள்.